ஐந்து கட்டத்துக்குள் மருமகள்

அத்தியாயம் 11

"இடையில் ஐந்து வருஷம் என்ன செய்தீர்கள்?"

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் நேர்முகத் தேர்வில் போன வாரம் அவளிடம் கேட்ட கேள்வி அது. "வீட்ல இருந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வேலை கிடைக்காததைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டவர் அந்தப் பதிலைக் குறித்துக்கொள்ளக்கூட இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார். அதுதான் ஒரு வாரமாக உறுத்திக்கொண்டிருந்தது.

வீட்டில் இருந்தது உண்மைதான். ஆனால் சும்மா இருக்கவில்லை.

மாமனாருக்குத் தெருவில் 'கட்டம் சார்' என்று பெயர். நில அளவைத் துறையில் காலமெல்லாம் சங்கிலி பிடித்து அளந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை நாளிதழில் வரும் குறுக்கெழுத்துப் புதிருக்குச் சரியான விடை எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயர் அநேகமாக எல்லா வாரமும் இருக்கும். மருந்துக் கடைக்குப் போனால் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள்.

அவர் புதிர் போடும் முறை இது. பேப்பர் வந்ததும் முதலில் அவர் கைக்குத்தான் போக வேண்டும். மைப்பேனாவால் மட்டுமே எழுதுவார். பென்சில் பயந்தாங்கொள்ளிகளுக்கு என்பது அவர் கொள்கை. பிடிபடாத குறிப்பைக் கூடத்திலிருந்து சமையலறைக்கு வீசுவார்.

"ஏம்மா, காய் நறுக்கிக்கிட்டே இதக் கொஞ்சம் யோசி."

கத்திச் சத்தம் நிற்காமல் விடை வரும்.

"நானும் அதான் நெனச்சேன்" என்பார் மாமனார். பிறகு எழுதுவார்.

ஐந்து வருஷமாக அவள் விடைகளைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சனிக்கிழமை பேப்பரைப் பிரித்தவர் வழக்கம் போலப் பேனா மூடியைக் கழற்றவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புதிருக்கு மேலே இருந்த பெட்டிச் செய்தியை இரண்டு தடவை படித்தார்.

"ஏய், இங்க வாங்க எல்லாரும்."

மாமியார் வந்தார். அவள் கணவன் முகத்தில் சோப்பு நுரையோடு வந்தான். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

புதிரை உருவாக்குகிறவர் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு ஆள் தேவை. இந்த வாரப் புதிர் கருப்பொருள் புதிர். நட்சத்திரம் போட்ட ஐந்து குறிப்புகளின் விடைகளையும் இணைக்கும் ஒரே சொல்லைக் கண்டுபிடித்துக் கீழே எழுத வேண்டும். இன்று மாலைக்குள் நாளிதழ் அலுவலகத்தில் நேரில் சேர்க்க வேண்டும். சரியாக எழுதியவர்கள் வேலைக்கான தேர்வுக்கு அழைக்கப்படுவார்கள். அச்சிட்ட கட்டத்தையே வெட்டித் தர வேண்டும், நகல் கூடாது. ஒரு முகவரிக்கு ஒரு விடைத்தாள். இரண்டு வந்தால் இரண்டும் தள்ளுபடி.

"இந்த வயசுல உங்களுக்கு வேலையா?" என்றார் மாமியார்.

"வேலை இல்லடி. கௌரவம்."

அவள் அந்தப் பெட்டிச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'வேலை' என்ற சொல்தான் அதில் இருந்தது. கௌரவம் என்று எங்கேயும் போடவில்லை.

"மாமா, ரெண்டு பேர் பேரையும் சேர்த்து எழுதலாமா?"

கேட்டுவிட்டாள்.

மாமனார் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. "கல்யாணப் பத்திரிகையாம்மா இது, ரெண்டு பேர் போட? நீ வழக்கம் போலச் சொல்லு, நான் எழுதறேன். வேலை வந்தா நீதான செய்யப்போற? பேர் யாரோடதா இருந்தா என்ன?"

"அப்படின்னா என் பேராவே இருக்கட்டுமே மாமா."

மகன் முகத்தில் நுரை காய ஆரம்பித்திருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் அவன். வருகிறவர்களிடம் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டே பழகியவன். வீட்டில் அவனிடம் அப்படி யாராவது கேட்டால் இரண்டுக்கும் தலையாட்டுவான். இப்போதும் அப்பாவைப் பார்த்து ஒரு தடவை, மனைவியைப் பார்த்து ஒரு தடவை ஆட்டிவிட்டு முகம் கழுவப் போனான்.

மாமனார் பேனா மூடியைக் கழற்றினார். இந்தத் தடவை சமையலறைக்கு எதையும் வீசவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் பெருமை வழிந்தது.

"வந்து பாரு. உன்னையே போட்டிருக்கேன்."

குறிப்பு இதுதான்: 'தானும் ஓயாது, வீட்டில் யாரையும் ஓய விடாது. ஐந்து எழுத்து.' பக்கத்தில் நட்சத்திரம்.

கட்டத்தில் நீல மையில் 'மருமகள்' என்று இருந்தது.

"சந்தோஷம்தானே?" என்றார். உண்மையாகவே கேட்டார். அவரைப் பொறுத்தவரை அது பரிசு.

அவள் குனிந்து பார்த்தாள். 'ம'வில் தொடங்கிக் கீழே போகும் மூன்று எழுத்து: 'அலைந்துகொண்டே இருக்கும், இடத்தை விட்டு நகராது.' மனம் என்று எழுதியிருந்தார். நடுவில் இருந்த இன்னொரு 'ம'விலிருந்து இறங்கும் மூன்று எழுத்து: 'கண்ணுக்குத் தெரியாது, ஜன்னலைத் திறந்தால் உள்ளே வரும்.' மணம். எல்லாம் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றன. கடைசி எழுத்தில் மேலிருந்து வந்து முடியும் ஐந்து எழுத்து மட்டும் காலியாக இருந்தது. அதற்கும் நட்சத்திரம். 'உருளும் வெள்ளி, சுட்டால் ஏறும்.'

வேதியியல் படித்தவளுக்கு அதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பாதரசம். ஆனால் அது 'ம்' என்று முடிய வேண்டும். அந்த இடத்தில் மருமகளின் 'ள்' உட்கார்ந்திருந்தது.

"மாமா, இது மருமகள் இல்ல."

"பின்ன?"

"கடிகாரம். அது மனம் இல்ல, கடல். மணம் இல்ல, காற்று. பாதரசம் அப்பதான் சரியா உக்காரும்."

மாமனார் கட்டத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் காதுமடல் சிவந்ததில் தெரிந்தது.

"மையில எழுதியாச்சு" என்றார்.

"அடிச்சு எழுதலாம் மாமா."

"நான் அடிச்சு எழுதறவன் இல்ல. கருப்பொருளும் கிடைச்சாச்சு. தராசு வந்திருக்கு, முழக்கோல் வந்திருக்கு, மருமகள் வந்திருக்கு. குடும்பம். தராசு மாதிரி நடுநிலை வேணும், முழக்கோல் மாதிரி கண்டிப்பு வேணும். மருமகள் எதுக்குன்னு உனக்கே தெரியும். முடிஞ்சது."

"முழக்கோலால குடும்பம் நடத்தின வீடு எதுங்க?" என்றார் மாமியார் ஜன்னலோரத்திலிருந்து.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

தெரு முனைக் கடையில் பேப்பர்காரர் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு பேப்பர் குடுங்க."

"காலைலயே போட்டேனே. நனைஞ்சிடுச்சா?"

"இல்ல. இது எனக்கு."

பேப்பர்காரர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரே வீட்டுக்கு ரெண்டு பேப்பர் நான் இதுவரைக்கும் குடுத்ததில்ல."

"இனிமே குடுக்கப் பழகிக்கோங்க."

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பேப்பரை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். யாரோ துரத்தி வந்து பிடுங்கிவிடுவார்கள் என்பது போல.

வீட்டுக்குப் போகவில்லை. கணவனின் கடைக்குப் போனாள். கண் பரிசோதனைக்காகப் போட்டிருந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் தொடங்கிச் சின்ன எழுத்தில் முடியும் அட்டை. அவன் ஒரு சட்டத்துக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தான்.

"பென்சில் இருக்கா?"

எடுத்துக் கொடுத்தான். பேப்பரைப் பார்த்தான். "அம்மா ஃபோன் பண்ணாங்க. 'உன் பொண்டாட்டி ரெண்டாவது பேப்பர் வாங்கிட்டாளாம், தெருவே பேசுது'ன்னாங்க."

"வேற என்ன வாங்கினேன்னு பேசலையே. அது வரைக்கும் நல்லது."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

கடிகாரம், பாதரசம், முழக்கோல், தராசு. மளமளவென்று எழுதினாள். தன் கையாலேயே கட்டத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை என்பது பாதியில்தான் உறைத்தது. இவ்வளவு காலம் வாயால் மட்டும் எழுதியிருக்கிறாள். எழுத்துகள் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தன.

ஐந்தாவது நட்சத்திரத்தில் சிக்கிக்கொண்டாள். 'காலையில் நெட்டை, உச்சியில் குட்டை. கூடவே வரும், பேசாது. மூன்று எழுத்து.' நிழல். விடையில் சந்தேகமில்லை. ஆனால் தராசு, கடிகாரம் பக்கத்தில் நிழலுக்கு என்ன வேலை? கருவிகள் என்று எழுதப் போன கை நின்றது. நிழல் கருவி இல்லை. பாதரசமும் கருவி இல்லை.

"எதுக்கு இப்படி மல்லுக்கட்டற?" என்றான் அவன். "அப்பா பேர்ல போகட்டும். பேர்ல என்ன இருக்கு? செய்யப்போறது நீ."

"உங்க கடை போர்டுல யார் பேர் இருக்கு?"

"என் பேர்."

"மாமா பேர் போட்டுக்கலாமே. கண்ணாடி மாட்டப்போறது நீங்க."

அவன் திருகைக் கீழே போட்டுவிட்டுத் தேடினான்.

"போன வாரம் ஒருத்தர் எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரு" என்றாள் அவள். "எனக்குப் பதில் தெரியும். பதில் மாமா பேர்ல இருந்துச்சு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, தெருவைப் பார்த்தான். "சரி, சாப்பிடப் போலாம். சாவிக்காரர் ஸ்டூலச் சுவரோரம் நகத்திட்டாரு. மணி பன்னெண்டு ஆயிடுச்சு."

எதிர்ச் சாரியில் சாவி செய்கிறவர் தன் ஸ்டூலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் நடைபாதை முழுக்கக் கிடந்த நிழல் சுவரடியில் ஒரு சாண் அகலத்துக்கு ஒடுங்கியிருந்தது.

"உங்களுக்கு மணி எப்படித் தெரியும்? வாட்சப் பாக்கலையே."

"அதான் நிழல் தெரியுதே. தினமும் பாக்கறேன்."

அவள் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. குனிந்து, பேப்பரை முழங்காலில் வைத்து, கருப்பொருளுக்கான இடத்தில் எழுதினாள்.

அளப்பவை.

தராசு எடையை அளக்கும். முழக்கோல் நீளத்தை. பாதரசம் சூட்டை. கடிகாரமும் நிழலும் நேரத்தை.

இருவரும் வீட்டுக்கு வந்தபோது மாமனார் விடைத்தாளை வெட்டி, உறையில் போட்டு, ஒட்டியும் வைத்திருந்தார். அவள் எதிரே போய் நின்றாள். மாமியார் தட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டுட்டு சண்டை போடுங்க. ஆறிடும்."

"இதச் சொல்லிட்டு சாப்பிடறேன் அத்தை." அவள் உட்காரவில்லை. "மாமா, நான் என் பேர்ல குடுக்கப்போறேன். கருப்பொருள் குடும்பம் இல்ல, அளப்பவை."

மாமனாரின் கை உறையின் மேல் இருந்தது. அசையவில்லை.

வாழ்நாள் முழுக்க அளந்தவர். எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு எவ்வளவு என்று கண்ணாலேயே சொல்லக்கூடியவர். தராசும் முழக்கோலும் கண் முன்னால் வந்து நின்றும் தெரியவில்லை.

"நீங்க பாத்திருக்க வேண்டிய புதிர் மாமா இது. என்னைவிட உங்களுக்குத்தான் சீக்கிரம் தெரிஞ்சிருக்கணும். ஏன் தெரியலன்னா, நடுக்கட்டத்துல என்னைத் தூக்கி வச்சிட்டீங்க. அதுக்கப்புறம் எதப் பாத்தாலும் குடும்பமாத்தான் தெரியும்."

"மரியாதையாத்தான வச்சேன்."

"தெரியும். ஆனா நான் விடை இல்ல மாமா. விடை சொன்னவ."

மாமனார் எழுந்தார். வாசல் கதவைக் காட்டினார். அதில் பித்தளைத் தகட்டில் அவர் பெயர்.

"ஒரு முகவரிக்கு ஒண்ணு. இது யாரோட முகவரி?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்திருந்தாள். பதிலைத்தான் எதிர்பார்க்கவில்லை. அது தானாக வந்தது.

"நீங்க எங்க இருக்கீங்கன்னு யாராவது எங்கிட்டக் கேட்டா, நான் எந்த முகவரியச் சொல்லணும் மாமா? வேற ஒண்ணு இருந்தா சொல்லுங்க, அத எழுதிடறேன்."

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கேக்கறால்ல. சொல்லுங்களேன்."

மாமனார் மனைவியிடம் திரும்பவில்லை. உறையை மகன் கையில் திணித்தார். "வண்டிய எடு. இவ பஸ் புடிச்சுப் போறதுக்குள்ள நீ போய்ப் போட்டுடு."

அவன் உறையை வாங்கிக்கொண்டான். அவளைப் பார்த்துத் தலையாட்டப் பார்த்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவள் இரண்டு கவளம் சாப்பிட்டாள். கை கழுவினாள். பேப்பரிலிருந்து கட்டத்தை வெட்டி எடுத்து, கீழே பெயர் என்று இருந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள். மாமனாரின் மைப்பேனா மேசையில் கிடந்தது. அதை எடுக்கவில்லை. பென்சிலாலேயே எழுதினாள். முகவரி என்ற இடத்தில் அந்த வீட்டுக் கதவிலக்கம். நடுக்கூடத்தில் நின்று, எல்லாரும் பார்க்க எழுதினாள்.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. வழியில் ஒரு பள்ளத்தைத் தோண்டிவிட்டு அதைச் சுற்றி நின்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவன் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பான். போட்டிருப்பான். இவளும் போட்டால் இரண்டும் தள்ளுபடி. இவள் போடாவிட்டால் 'குடும்பம்' என்ற தப்பு விடை மட்டும் போய்ச் சேரும்.

இறங்கித் திரும்பிப் போகலாம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அடுத்த சனிக்கிழமை காய் நறுக்கும்போது கூடத்திலிருந்து ஒரு குறிப்பு வந்து விழும்.

அவள் இறங்கவில்லை.

நாளிதழ் அலுவலகம் இரண்டாவது மாடியில். காகித வாடையும் மை வாடையும் படிக்கட்டு வரைக்கும் வந்தன. வரவேற்பு மேசையில் தகர மூடி போட்ட பெட்டி. அதன் பின்னால் ஒரு பெண் விடைத்தாள்களுக்குச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். சுவரோரப் பலகையில், மடியில் ஒட்டின உறையோடு, அவன் உட்கார்ந்திருந்தான்.

"போட்டாச்சா?"

"இல்ல."

"ஏன்?"

"உனக்காகன்னு நெனைக்காத." அவன் உறையின் மூலையை நீவிக்கொண்டிருந்தான். "வந்து முக்கா மணி நேரம் ஆச்சு. மூணு தடவ எழுந்து போயிட்டு வந்து உக்காந்துட்டேன். அந்தம்மா எனக்குத் தண்ணி குடுத்தாங்க."

மேசைப் பெண் நிமிர்ந்தாள். "சார் உங்க கூட வந்தவரா? நான் நேர்முகத்துக்குப் பயந்து உக்காந்திருக்காருன்னு நெனச்சேன்."

"என் வீட்டுக்காரர்."

"அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே முகவரியா? விதி தெரியும்ல?"

"தெரியும்."

அவள் பைக்குள்ளிருந்து விடைத்தாளை எடுத்தாள்.

அவன் எழுந்துவிட்டான். "இரு, இரு. நீ போட்டு, நானும் போட்டா ரெண்டுமே போயிடும்."

"தெரியுங்க."

"அப்ப, போடாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடேன். அப்பாகிட்ட நான் சமாளிச்சுக்கறேன். 'அவ சொன்னா, கேட்டேன்'ன்னு சொல்லிக்கறேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நல்லவன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவளைக் கடிந்து பேசியதில்லை. ஒரு தடவைகூட அவளுக்காகப் பேசியதும் இல்லை.

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நான் சொன்னா அது நான் சொன்னதாத்தான் இருக்கும். வீட்ல உங்க அப்பா சொன்னாரு, வாங்கிட்டு வந்தீங்க. இங்க நான் சொல்லி, திருப்பிக் கொண்டு போகணுமா? நீங்க என்னங்க, தபால்காரரா?"

அவன் உறையைத் திருப்பி, ஒட்டின பக்கத்தைப் பார்த்தான்.

"போட்டுட்டீங்கன்னா என்னோடது போயிடும். போகட்டும். அடுத்த வாரம் மூணாவது பேப்பர் வாங்குவேன். ஆனா போட்டதும் போடாததும் நீங்க செஞ்சதா இருக்கணும்."

அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து வரிசையில் நின்றார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார்.

அவள் மூடியைத் தூக்கி விடைத்தாளை உள்ளே விட்டாள். மூடி டக்கென்று விழுந்தது. மேசைப் பெண் கேட்டாள், "பேர்?"

அவள் சொன்னாள். மேசைப் பெண் அதைச் சீட்டில் எழுதினாள். எழுதி முடிக்கிற வரைக்கும் அந்தப் பேனாமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடந்தாள். முதல் படியில் கால் வைக்கும்போது பின்னால் தகர மூடி மறுபடியும் விழுந்தது.

அவனாக இருக்கலாம். வரிசையில் நின்ற இருவரில் ஒருவராக இருக்கலாம். தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும்.

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அடுத்த படியில் இறங்கினாள்.